லினக்ஸ் ரூட் டிஸ்க்கைக் காணாமல் பாதியில் நின்றால்: இனிட்ராம்எஃப்எஸ் முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டும் சிறு அலுவலகங்கள் நிறைய. 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸுடன் வந்த மடிக்கணினிகள், எஸ்எஸ்டி மாற்றிய பின் குடியாத்தம், காட்பாடி வீடுகளில் இன்னும் உழைக்கின்றன. மே மாதத்தில் திடீரென்று கரண்ட் போய் வந்த பிறகு, அல்லது டிஸ்க்கை வேறு மெஷினுக்கு மாற்றிய பிறகு, கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒரே சொல்லோடு கணினி நின்றுவிடும். உடனே ஃபார்மேட் செய்து புதிதாக ஏற்றிவிடும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. பெரும்பாலும் அது தேவையே இல்லை. அந்தத் திரை வந்திருந்தாலே கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஓடுகிறது, நினைவகமும் ப்ராசஸரும் வேலை செய்கின்றன என்று பொருள். ரூட் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் சிஸ்டம் இருக்கும் பகுதியை) எட்டும் கடைசிப் படி மட்டும்தான் தவறியிருக்கிறது.

கட்டளைகளைக் கீழே ஒலிப்பு முறையில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியே சொல்லியிருக்கிறோம்.

பூட் ஆகும்போது நடப்பது

கணினியைத் துவக்கி வைக்கும் கிரப் என்ற நிரல் இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது: கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ் இமேஜ். கெர்னல் அந்த இமேஜை நினைவகத்திலேயே ஒரு சின்ன ஃபைல் சிஸ்டமாக விரித்து, அதிலுள்ள ‘/இனிட்’ என்ற ஸ்கிரிப்டை முதல் ப்ராசஸாக ஓட்டுகிறது. அந்த ஸ்கிரிப்ட் டிரைவர்களை ஏற்றி, டிஸ்க் தென்படும்வரை காத்திருந்து, ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து (பயன்பாட்டுக்கு இணைத்து), கட்டுப்பாட்டை உண்மையான சிஸ்டத்தின் இனிட்டிடம் ஒப்படைக்கிறது.

இப்படி ஓர் இடைநிலை ஏன்? டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் அந்த டிஸ்க்கிலேயே இருந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். எல்லா டிரைவர்களையும் கெர்னலுக்குள் திணித்தால் கெர்னல் பருத்துவிடும். எல்விஎம் (டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை), மறையாக்கம் செய்த டிஸ்க், ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) போன்றவற்றுக்குக் கடவுச்சொல் கேட்பது, துண்டுகளைச் சேர்ப்பது என்று யூசர் பக்க வேலையும் உண்டு. முன்பு இதே வேலையை இனிட்ஆர்டி என்ற, பிளாக் டிவைஸ் வடிவிலான இமேஜ் செய்தது. கெர்னல் 2.6 வரிசையோடு சிபிஐஓ என்ற கோப்புக் கட்டாக வரும் இனிட்ராம்எஃப்எஸ் அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பின் பெயரில் மட்டும் பழைய ‘இனிட்ஆர்டி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரையில் வந்த செய்தியை முதலில் படியுங்கள்

எதையும் தட்டுமுன் திரையை போனில் படம் எடுத்துவிடுங்கள். நான்கு வகைச் செய்திகள் வரும், நான்கும் நான்கு வேறு இடங்களைக் காட்டுகின்றன.

‘கேவ் அப் வெயிட்டிங் ஃபார் ரூட்’ என்று தொடங்கி, ஒரு யூயூஐடி எண்ணோடு (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) ‘டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தால், ஸ்கிரிப்ட் ஓடியது, வழக்கமான 30 நொடி காத்திருந்தது, கேட்ட பெயரில் பார்ட்டிஷன் வரவில்லை.

‘ரிக்வயர்ஸ் எ மேனுவல் எஃப்எஸ்சிகே’ (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) என்று வந்தால் பார்ட்டிஷன் கிடைத்துவிட்டது. அதன் ஃபைல் சிஸ்டம்தான் குலைந்திருக்கிறது. மின்வெட்டுக்குப் பின் வருவதில் பெரும்பான்மை இதுதான்.

‘கெர்னல் பேனிக்’ என்ற வரியில் ‘அன்நோன்-பிளாக்(0,0)’ என்று வந்தால், இனிட்ராம்எஃப்எஸ் இமேஜே ஏறவில்லை அல்லது பாதியில் கெட்டிருக்கிறது. கெர்னல் தானே ரூட்டைத் தேடி, ஒரு டிவைஸையும் அடையாளம் காண முடியாமல் விழுந்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் (8,2) போன்ற எண் இருந்தால் கதை வேறு: 8 என்பது எஸ்டி வகை டிஸ்க், 2 என்பது முதல் டிஸ்க்கின் இரண்டாம் பார்ட்டிஷன். டிஸ்க் தெரிகிறது, அதன் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கும் டிரைவர் இல்லை.

‘யூ ஆர் இன் எமர்ஜென்ஸி மோட்’ என்று வந்தால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. ரூட் ஏற்கெனவே மவுண்ட் ஆகிவிட்டது. ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பில் வேறு ஏதோ ஒரு பார்ட்டிஷனின் வரி தவறு. இந்தத் திரையையும் இனிட்ராம்எஃப்எஸ் திரையையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் அலைபவர்கள் பலர்.

ஷெல்லில் செய்ய வேண்டியவை

இங்கே இருப்பது பிஸிபாக்ஸ் என்ற சிறு ஷெல். வழக்கமான கட்டளைகள் பல இருக்காது. இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ‘கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்’. கிரப் கெர்னலுக்குச் சொன்ன வரி வரும். அதில் ‘ரூட்=’ என்பதற்குப் பின் உள்ளதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘கேட் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ்’. பட்டியலில் எஸ்டிஏ (சாட்டா அல்லது யூஎஸ்பி டிஸ்க்), என்விஎம்இ (மதர்போர்டில் நேரே செருகும் எஸ்எஸ்டி) என்று எதுவுமே இல்லாவிட்டால் கெர்னல் டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. டிஸ்க் இருந்து அதன் கீழ் எண்ணிட்ட பார்ட்டிஷன்கள் இல்லாவிட்டால் பார்ட்டிஷன் டேபிள் கெட்டிருக்கிறது.

மூன்றாவது ‘பிஎல்கேஐடி’. ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடி, ஃபைல் சிஸ்டம் வகை வரும். எழுதி வைத்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ‘எல்எஸ் /டெவ்/டிஸ்க்/பை-யூயூஐடி’ என்றும் பார்க்கலாம்.

நான்காவது ‘டிமெசேஜ்’ (dmesg). ஐ-ஓ எரர், ஏடிஏ ரீசெட் வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் கை வைக்காதீர்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

டிஸ்க் தெரியவே இல்லை என்றால்

முதலில் வன்பொருள். பயாஸ் திரைக்குள் போய் அங்கே டிஸ்க்கின் பெயர் வருகிறதா பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் லினக்ஸில் தேடிப் பயனில்லை. சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். இந்த ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்த மெஷினில் என்விஎம்இ கார்டு சூடேறி மறைந்துபோவதும் உண்டு. முழுவதும் ஆற விட்டு மறுபடி பாருங்கள்.

பயாஸில் தெரிகிறது, லினக்ஸில் தெரியவில்லை என்றால் டிரைவர்தான். ஷெல்லிலேயே ‘மாட்ப்ரோப் ஏஎச்சிஐ’ (சாட்டா), ‘மாட்ப்ரோப் என்விஎம்இ’, யூஎஸ்பி டிஸ்க்குக்கு ‘மாட்ப்ரோப் எக்ஸ்எச்சிஐ_பிசிஐ’, ‘மாட்ப்ரோப் யூஏஎஸ்’, ‘மாட்ப்ரோப் யூஎஸ்பி-ஸ்டோரேஜ்’ என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ட்டிஷன் பட்டியலை மறுபடி பாருங்கள். ஒன்றை ஏற்றியதும் டிஸ்க் வந்தால், ‘எக்ஸிட்’ தட்டுங்கள். ஸ்கிரிப்ட் மறுபடி தேடி, ரூட்டைப் பிடித்து, பூட் தொடரும். மாட்யூலே (டிரைவர் கோப்பே) இமேஜில் இல்லை என்ற பிழை வந்தால் லைவ் யூஎஸ்பிதான் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) வழி.

இது ஏன் நேர்கிறது? ‘/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்’ கோப்பில் மாட்யூல்ஸ் என்ற அமைப்பு ‘டெப்’ என்றிருந்தால், இமேஜ் உருவான மெஷினுக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும்தான் உள்ளே போகும். ராணிப்பேட்டை அலுவலகத்தில் பழைய சாட்டா மெஷினில் ஓடிய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் புது என்விஎம்இ மெஷினில் போட்டால், அந்த இமேஜில் என்விஎம்இ டிரைவர் இருக்காது. மெஷின் மாற்றும் எண்ணம் இருந்தால், பழைய மெஷின் ஓடும்போதே அதை ‘மோஸ்ட்’ என்று மாற்றி இமேஜைப் புதுப்பித்துவிடுங்கள். இமேஜ் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். எங்கள் கருத்தில், சிறு அலுவலகக் கணினியில் ‘டெப்’ வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

புதிய இன்டெல் மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் இயங்கினால், என்விஎம்இ டிஸ்க் அதன் பின்னால் மறைந்திருக்கும். இமேஜில் ‘விஎம்டி’ மாட்யூலும் வேண்டும். பயாஸில் அதை அணைத்தாலும் லினக்ஸ் டிஸ்க்கைப் பார்க்கும். ஆனால் அதே மெஷினில் விண்டோஸும் இருந்தால் அது பூட் ஆகாமல் போகலாம், ஆகவே மாட்யூலைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து பூட் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: டிஸ்க் சுழன்று தயாராவதற்குள் நேரம் முடிந்துவிடும். கெர்னல் வரியில் ‘ரூட்டிலே=60’ (rootdelay=60) சேருங்கள்.

டிஸ்க் தெரிகிறது, பெயர் ஒத்துப்போகவில்லை என்றால்

பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்து கோப்புகளை நகலெடுத்திருந்தால் யூயூஐடி மாறியிருக்கும். கிரப் பழைய எண்ணையே கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே ‘எக்ஸிட்’ தட்டிப் பயனில்லை. கணினியை மறுபடி துவக்கி, கிரப் மெனு வரும்போது (வராவிட்டால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசை) ‘இ’ விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ரூட் எண்ணைச் சரியானதாக மாற்றி, கன்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். இந்த மாற்றம் ஒருமுறைக்கு மட்டும். உள்ளே போனதும் எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, ‘சூடோ அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள்.

நேர்மாறான தொல்லையும் உண்டு. ‘டிடி’ கட்டளையால் பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, இரண்டையும் ஒரே மெஷினில் விட்டுவைத்தால், இரண்டிலும் ஒரே யூயூஐடி. எது ரூட் ஆகும் என்பது எது முதலில் தென்படுகிறது என்பதைப் பொறுத்தது. காலையில் எழுதிய கணக்கு மாலையில் காணவில்லை என்று பதறுவார்கள். அது மற்ற டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். நகலெடுத்ததும் பழையதைக் கழற்றிவிடுங்கள், அல்லது அதன் எண்ணை ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையில் பெரிய எழுத்து யூ விருப்பமும் ‘ரேண்டம்’ என்ற சொல்லும் தந்து மாற்றுங்கள்.

ரூட்டை எஸ்டிஏ2 என்று நேராக எழுதுவதைத் தவிருங்கள். ஒரு பென்டிரைவ் செருகியிருந்தாலே பெயர் வரிசை மாறலாம். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்யும்போது கெர்னலுக்கு ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடி புரியாது, பார்ட்யூயூஐடி மட்டுமே புரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபைல் சிஸ்டம் குலைந்திருந்தால்

டிமெசேஜில் ஐ-ஓ எரர் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். ‘எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2’ (உங்கள் பார்ட்டிஷன் பெயரைப் போடுங்கள்). ‘-ஒய்’ என்பது எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் தரும். முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டுங்கள், ‘க்ளீன்’ என்று வரவேண்டும். பிறகு ‘எக்ஸிட்’.

ஐ-ஓ எரர் இருந்தால் டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுவது மிச்சமிருக்கும் தரவையும் அழிக்கும் வேலை. படிக்க முடியாத இடங்களை அது ‘சரி’ செய்ய முயன்று எழுதத் தொடங்கும். லைவ் யூஎஸ்பியில் துவக்கி, ‘டிடிரெஸ்க்யூ’ மூலம் இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு முழுவதும் நகலெடுத்து, நகலின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். மூல டிஸ்க்கை எட்டிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை ‘ஆர்ஓ,நோலோட்’ என்ற விருப்பங்களோடு மவுண்ட் செய்யுங்கள். வெறும் ‘ஆர்ஓ’ தந்தால் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் பதிவை) ஓட்டுவதற்காக டிஸ்க்கில் எழுதிவிடும். ஒரு குடும்பத்தின் புகைப்படங்களோ ஒரு கடையின் கணக்கோ இந்த ஒரு சொல்லில் தப்பலாம், போகலாம். இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

லைவ் யூஎஸ்பியிலிருந்து நிரந்தரத் திருத்தம்

1. அதே வகை லினக்ஸின் லைவ் யூஎஸ்பியில் துவக்குங்கள். மெஷின் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் இருந்தால் யூஎஸ்பியையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே துவக்க வேண்டும்.

2. ரூட் பார்ட்டிஷனை ‘/எம்என்டி’-யில் மவுண்ட் செய்யுங்கள். பூட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன் இருந்தால் அதை ‘/எம்என்டி/பூட்’-இலும், யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனை ‘/எம்என்டி/பூட்/இஎஃப்ஐ’-யிலும் மவுண்ட் செய்யுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்: பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய மறந்தால், புது இமேஜ் ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெற்று பூட் கோப்புறையில் போய் எழுதப்படும். எல்லாம் பிழையின்றி முடிந்ததாகத் தோன்றும், பூட் செய்தால் பழைய இமேஜே வரும்.

3. டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் ‘மவுண்ட் --பைண்ட்’ மூலம் ‘/எம்என்டி’-க்குள் கொண்டுவாருங்கள்.

4. ‘சூடோ சிஎச்ரூட் /எம்என்டி’. இனித் தட்டும் கட்டளைகள் டிஸ்க்கிலுள்ள சிஸ்டத்துக்குள் ஓடும்.

5. வேண்டிய மாட்யூல் பெயரை ‘/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ்’ கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் ‘/இடிசி/கிரிப்ட்டேப்’ வரியும், ‘கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ்’ பொதியும் இருக்கின்றனவா பாருங்கள்.

6. ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்’, பிறகு ‘அப்டேட்-கிரப்’.

ஆறாவது படியில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று வந்தால் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது. புது இமேஜ் தனிப் பெயரில் முழுதாக எழுதப்பட்ட பிறகுதான் பழையதன் இடத்துக்கு வரும், ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இடம் வேண்டும். ‘ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ ஓட்டிப் பழைய கெர்னல்களை நீக்குங்கள். ஓடும் கெர்னலையும் அதற்கு முந்திய ஒன்றையும் விட்டுவையுங்கள். புதிதாக நிறுவும்போது பூட்டுக்கு 1 ஜிபி ஒதுக்கினால் இந்தத் தொல்லை வராது.

மறுபடி துவக்குமுன் ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையில் இமேஜின் பாதையைத் தந்து, வெளியீட்டை ‘க்ரெப் என்விஎம்இ’ மூலம் வடிகட்டுங்கள். மாட்யூல் உள்ளே இருக்கிறதா என்பது உடனே தெரியும். இமேஜை நேரே சிபிஐஓ கட்டளையால் அவிழ்த்தால் சில கோப்புகள் மட்டும் வந்து நின்றுவிடலாம். முன்னால் ப்ராசஸர் மைக்ரோகோடுக்கென்று தனியாக ஒரு சுருக்காத கட்டு இருப்பதே காரணம். முழுவதும் அவிழ்க்க ‘அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ்’ பயன்படுத்துங்கள்.

ஃபெடோரா வகைகளில் இதே வேலையை டிராகட் செய்கிறது. மறு உருவாக்கம் ‘டிராகட் -எஃப்’. மெஷின் மாற்றும்போது ‘--நோ-ஹோஸ்ட்ஒன்லி’ சேருங்கள். உள்ளே பார்க்க ‘எல்எஸ்இனிட்ஆர்டி’. ரூட் மவுண்ட் ஆனதும் நிறுத்திப் பார்க்கக் கெர்னல் வரியில் ‘ஆர்டி.பிரேக்’. டெபியன், உபுண்டுவில் அதற்கு இணையானது ‘பிரேக்=பாட்டம்’. ரூட் மவுண்ட் ஆகுமுன்பே நிறுத்த ‘பிரேக்=ப்ரீமவுண்ட்’ அல்லது ‘பிரேக்=மவுண்ட்’.

கையால் ஓர் இனிட்ராம்எஃப்எஸ் கட்டிப் பார்த்தல்

பொறியியல் மாணவர்களுக்கு இதை வலியுறுத்திச் சொல்கிறோம். ஒருமுறை கட்டினால் மேலே சொன்ன பிழைகள் எல்லாம் தாமாகவே விளங்கும். உபுண்டுவில் ‘பிஸிபாக்ஸ்-ஸ்டாட்டிக்’ பொதியை நிறுவுங்கள். ஒரு வெற்று கோப்புறையில் பின், டெவ், ப்ராக், சிஸ், நியூரூட் ஆகிய ஐந்து கோப்புறைகளை உருவாக்கி, பிஸிபாக்ஸை ‘பின்’ கோப்புறைக்குள் நகலெடுங்கள். பிறகு ‘இனிட்’ என்ற கோப்பில் இவை:

#!/பின்/பிஸிபாக்ஸ் எஸ்எச்
/பின்/பிஸிபாக்ஸ் மவுண்ட் -டி ப்ராக் ப்ராக் /ப்ராக்
/பின்/பிஸிபாக்ஸ் --இன்ஸ்டால் -எஸ் /பின்
மவுண்ட் -டி சிஸ்எஃப்எஸ் சிஸ் /சிஸ்
மவுண்ட் -டி டெவ்டிஎம்பிஎஃப்எஸ் டெவ் /டெவ்
மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/விடிஏ1 /நியூரூட் || எக்ஸெக் எஸ்எச்
மவுண்ட் --மூவ் /டெவ் /நியூரூட்/டெவ்
எக்ஸெக் ஸ்விட்ச்_ரூட் /நியூரூட் /எஸ்பின்/இனிட்

ப்ராக்கையும் சிஸ்ஸையும் அதே மூவ் முறையில் நகர்த்தும் இரு வரிகளைக் கடைசி வரிக்கு முன் சேருங்கள். ‘சிஎச்மாட்’ மூலம் ஓடும் அனுமதி தாருங்கள். அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டே ‘ஃபைண்ட் . | சிபிஐஓ -ஓ -எச் நியூசி | ஜிசிப் > ../மை.இமேஜ்’ என்று கட்டுங்கள். இதில் ‘எச்’ பெரிய எழுத்து. வெளியே நின்று கட்டினால் இனிட் ஒரு கோப்புறைக்குள் போய்விடும், கெர்னலுக்கு ‘/இனிட்’ கிடைக்காது, அதே (0,0) பேனிக் வரும்.

சோதனைக்கு நிஜ மெஷினைத் தொடாதீர்கள். க்யூஇமு என்ற மெய்நிகர் கணினி நிரலில் 512 எம்பி நினைவகம், ‘-கெர்னல்’, ‘-இனிட்ஆர்டி’, ‘-நோகிராஃபிக்’, கெர்னல் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0’ என்பவற்றோடு ஓட்டுங்கள். டிஸ்க் ஒன்றும் தராவிட்டால் மவுண்ட் தோற்று, ‘எக்ஸெக் எஸ்எச்’ மூலம் உங்கள் சொந்த மீட்பு ஷெல் வரும். அதுவே முதல் வெற்றி. உபுண்டுவில் பூட் கோப்புறையிலுள்ள கெர்னல் கோப்பை ரூட் மட்டுமே படிக்க முடியும், ஆகவே நகலெடுக்க சூடோ வேண்டும். பிறகு ஒரு விர்ட்ஐஓ (மெய்நிகர் கணினிக்கான வகை) டிஸ்க் இமேஜைச் சேருங்கள். அந்த டிரைவர் கெர்னலுக்குள் இல்லாமல் மாட்யூலாக இருந்தால், அதே கெர்னல் பதிப்பின் மாட்யூலையும் அது சார்ந்தவற்றையும் சுருக்கம் அவிழ்த்து உள்ளே வைத்து, மவுண்டுக்கு முன் ஏற்ற வேண்டும்.

‘ஃபெயில்டு டு எக்ஸிக்யூட் /இனிட்’ என்று வந்தால் பக்கத்தில் உள்ள பிழை எண்ணைப் பாருங்கள். -13 என்றால் ஓடும் அனுமதி இல்லை. -2 என்றால் முதல் வரியில் சொன்ன ஷெல் அந்தப் பாதையில் இல்லை, அல்லது ஸ்டாட்டிக் அல்லாத பிஸிபாக்ஸ் தன் லைப்ரரிகளைத் தேடுகிறது. விண்டோஸ் எடிட்டரில் எழுதிய கோப்பில், வரி முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் இதே வகைத் தொல்லையைத் தரும். -8 என்றால் முதல் வரியே இல்லை, அல்லது பைனரி வேறு வகை ப்ராசஸருக்கானது. ‘அட்டெம்ப்டட் டு கில் இனிட்’ என்று பேனிக் வந்தால் ஸ்கிரிப்ட் முடிவுக்கு வந்து வெளியேறிவிட்டது. கடைசி வரியில் ‘எக்ஸெக்’ இருக்கிறதா, நியூரூட்டுக்குள் எஸ்பின் இனிட் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.